ஒப்புக்குச் சப்பாணி

"அவர் அவுட் இல்லடா! அவர் ஒப்புக்குச் சப்பாணி, தெரியாதா உனக்கு?"

வாலு போட்ட சத்தத்தில் சோடாபுட்டி பயந்துபோய் மெக்கானிக்கின் சட்டையை விட்டுவிட்டான். வாலு என்பது அந்தக் குடியிருப்பே சேர்ந்து ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு வைத்த பெயர். ஆட்டத்தின் சட்டதிட்டமெல்லாம் அவள் வாயில் வருவதுதான்.

"போங்கப்பா, இது அநியாயம்!" சோடாபுட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "போன வாரமும் இவரைத் தொட்டேன். அப்பவும் இதையேதான் சொன்னே."

"இப்பவும் அதேதான்டா. பெரியவங்களுக்கு மூச்சு வாங்கும்ல? நீ போய் வேற யாரையாவது பிடி." பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பிக் கத்தினாள். "பார்த்துக்கிட்டே நிக்காதீங்க, கல்லுல ஏறுங்கப்பா!"

கல்லா மண்ணா ஆட்டம். பிடிக்கிறவன் மண்ணைக் கேட்டால் மண்ணெல்லாம் அவனுக்கு. மற்றவர்கள் திட்டிலும் படியிலும் தொற்றிக்கொண்டு, அவன் அசந்த நேரத்தில் மண்ணில் குதித்து வெறுப்பேற்ற வேண்டும். பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். காலும் வாயும் இருந்தால் போதும். அதிலும் வாய் கொஞ்சம் கூடவே வேண்டும்.

மெக்கானிக் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் ஏறிக்கொண்டார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பகலெல்லாம் ஊரையே மாடிக்கு ஏற்றி இறக்கிவிட்டு, தன் ஒற்றை அறைக்குத் திரும்பி, ஒரு தட்டையும் ஒரு தம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கிற ஆள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைத் தவிர அவர் குரலைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த முற்றத்தில்தான் அவருக்கு மனுஷர்கள். மற்ற நாட்களை அதை நம்பித்தான் தள்ளிக்கொண்டிருந்தார்.

"குதிடா, குதிடி எல்லாரும்! ம்... நீங்களும் குதிங்கப்பா!"

குதித்தார். முழங்கால் முனகியது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்த்தார். அங்கே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், கொஞ்சம் இப்படி வாங்க."

குடியிருப்பின் செயலாளர், நடைப்பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"நானும் பல வாரமா பார்க்கிறேன். நீங்க எந்த வீடு?"

"இங்க இல்ல சார். வெளியிலேருந்து வர்றேன்."

"யாரைப் பார்க்க?"

"யாரையும் இல்ல சார். சும்மா... பசங்களோட விளையாட."

"சும்மாவா? பிள்ளைங்க விளையாடுற இடத்துல முன்பின் தெரியாத ஆளு சும்மா வருவாரா? நீங்க நல்லவராவே இருக்கலாம். நாளைக்கு ஒண்ணுன்னா என் தலைதான் உருளும். வீட்டு நம்பர் ஒண்ணு சொல்லுங்க, நான் பேசாம போயிடுறேன். இல்லேன்னா இன்னையோட கேட்டுக்குள்ள கால் வைக்காதீங்க."

நம்பர் நாக்கின் நுனியில்தான் இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. அவர் குனிந்து செருப்பைத் தேடினார். கண்ணீர் மறைத்ததில் கண்ணெதிரே கிடந்த செருப்பே தெரியவில்லை.

"அங்கிள்!" வாலு குறுக்கே வந்து நின்றாள். "அவரை வெளியே அனுப்ப முடியாது."

"ஏன்மா?"

"ஒப்புக்குச் சப்பாணிக்கு அவுட்டே கிடையாது. அதான் ரூல்."

"யாரு போட்ட ரூல்?"

"நான்தான்."

சோடாபுட்டிகூடத் தலையாட்டினான். "ஆமா அங்கிள், அவரைத் தொடவே முடியாது."

செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து குரல் வந்தது.

"விடுங்க சார். எங்களுக்குத் தெரிஞ்சவர்தான்."

வாலுவின் அம்மா. ஈரத் துண்டைப் பிழிந்த கை பிழிந்தபடியே நின்றது.

"அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன சார்? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" செயலாளர் விட்ட நடையைத் தொடரப் போய்விட்டார்.

மெக்கானிக் படியில் உட்கார்ந்தார். மேலே பார்த்தபோது துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தெரிஞ்சவர் என்றாவது சொன்னாளே என்று இருந்தது. 'வரலாம், விளையாடலாம். ஆனா நீங்க யாருன்னு மட்டும் குழந்தைகிட்ட மூச்சு விடக் கூடாது. விட்டா அன்னையோட சரி.' அவள் வைத்த நிபந்தனை அது. இன்றைக்கும் அவர் மூச்சு விடவில்லை.

பிள்ளைகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தார்கள். வாலு மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயந்துட்டீங்களா?"

"கொஞ்சம்."

"உங்களை ஏன் எப்பவுமே ஒப்புக்குச் சப்பாணியாவே வெச்சிருக்கேன் தெரியுமா? அவுட்டானா போயிடுவீங்கல்ல, அதான்."

அவள் மூன்றாம் மாடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் காதருகே வந்தாள்.

"அம்மாகிட்ட நானும் மூச்சு விடலை. இங்க எல்லாரையும் வாடா, வாடின்னுதானே கூப்பிடுறேன்? உங்களை மட்டும்தான் 'வாங்கப்பா'ன்னு கூப்பிடுறேன். இத்தனை நாளா அதுகூடவா கவனிக்கலை?"