ஒண்ணு விழுந்தால்

"அக்கா, அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் பெரியவரைக் கூப்பிடாதீங்க. அவர் இருக்கிற வரைக்கும் நாம விளங்க மாட்டோம்."

ஒயர்மேன் பொருமியதில் நியாயம் இருந்தது. பல்செட் அக்காவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மதியம், அவள் பல்செட் செய்யும் அறையில் மேஜையை ஒதுக்கிவிட்டு விளையாடுவார்கள். அக்கா கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இருப்பார்கள். ஆபத்து வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும். இருபது விழுந்தால் அமோக வெற்றி. ஒண்ணு விழுந்தால் அந்தப் பாத்திரம் காலி.

இவர்களாக வைத்துக்கொண்ட விதி இன்னொன்றும் உண்டு. ஒருவருக்கு ஒண்ணு விழுந்தால், அடுத்து உட்கார்ந்திருப்பவர் உருட்டாமலே ஜெயிப்பார்.

அந்த விதியைக் கொண்டுவந்தது பெரியவரின் மகள்தான். இதே மேஜையில் எல்லோரையும் சிரிக்கவைத்தவள். போன மழைக்காலத்தில் ஸ்கூட்டர் சறுக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். வண்டியை ஓட்டியவர் அப்பா. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அம்மாக்காரி வந்து நின்றாள்.

"அவ விளையாடின வில்லுக்காரி இன்னும் உயிரோடதானே இருக்கா? அவளை நான் வச்சிக்கிறேனேம்மா..."

யாரால் மறுக்க முடியும்?

துணைக்கு வந்த பெரியவரும் மனைவிக்கு முந்தின நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று பிடித்தது சனி. படகுக்காரனாக வந்தார், செத்தார். சமையல்காரனாக வந்தார், செத்தார். உருட்டிய வேகத்தில் பகடையைக் கையால் அள்ளிக்கொண்டு, "ஒண்ணு" என்பார். சிரிக்க வேறு செய்வார்.

இன்றைக்கு அவர் சுமைதூக்கி. எல்லோருடைய சாப்பாடும் புதையலும் அவர் முதுகில். கயிற்றுப் பாலம் அறுந்துகொண்டிருந்தது. பாலத்தில் அவரும், பின்னால் வில்லுக்காரியும்.

"அப்பா, உருட்டுங்க," என்றாள் அக்கா.

"பார்த்து உருட்டுங்க சார். மூட்டை போச்சுன்னா எல்லாரும் பட்டினி," என்றான் ஒயர்மேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் வேகமாக உருட்டினார். பகடை மேஜை விளிம்பில் மோதிக் கீழே விழுந்து உருண்டது.

அக்கா சட்டென்று குனிந்தாள். அவரும் குனிந்தார்.

அக்காவின் செருப்போரம் பகடை கிடந்தது.

இருபது.

அவள் முகம் மலர்ந்தது. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெரியவர், "ஒண்ணு!" என்று மேலே கேட்கும்படி சொல்லிவிட்டார்.

அக்கா திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். மேஜைக்கடியில் அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. சொல்லிவிடாதே என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

இத்தனை வாரமும் அள்ளிய கைக்குள் என்னென்ன எண்கள் இருந்தனவோ.

"மறுபடியும் ஒண்ணா? சுத்தம்!" ஒயர்மேன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நிஜமாவே ஒண்ணுதானா?"

"அவ... அவ விழுந்துட்டாளாம்மா?" அம்மாவின் குரல் உடைந்தது.

அக்கா பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணுதான். அப்பா விழுந்துட்டார்மா. உங்க பொண்ணு கரைக்கு வந்துட்டா."