நாற்காலியைத் தள்ளிய பலூன்

சூடம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மின்னூட்டமும் இடைவெளியும் மாறினால் விசை எப்படி மாறுகிறது என்று செய்து காட்டினால்தான் இயற்பியல் ஆசிரியர் ஆவுடையப்பனுக்கு வேலை நிரந்தரம். சோதிக்க வந்த அதிகாரி சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பலூன் விக்கவாவே வந்தீரு?" என்றார். ஆவுடையப்பன் இரண்டு பலூன்களைத் தன் தலைமுடியில் பரபரவென்று தேய்த்து, ஒன்றை அதிகாரியிடம் கொடுத்தார். மற்றதைத் தான் நீட்டியதும் நாற்காலி ஒரு சாண் பின்னால் போனது. தன் பலூனில் மட்டும் மின்னூட்டத்தை இரண்டு மடங்காக்கி அதே தூரத்தில் நீட்டினார். இரண்டு சாண் போனது.

"இப்ப இடைவெளியைப் பாதியாக்குறேன் சார். விசை நாலு மடங்காகும், கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க."

நாற்காலி எட்டுச் சாண் உருண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றது.

"இன்னும் ஒரு தடவை பாதியாக்கவா சார்?"

"வேண்டாம்வே! வேலை நிரந்தரம், அங்கேயே நில்லும்!" என்று வராந்தாவிலிருந்து கத்தினார் அதிகாரி.

அந்த வேலைக்கான நேர்ச்சையை முன்கூட்டியே தீர்த்துவிடலாம் என்று, ஆவுடையப்பன் முந்தின நாள்தான் திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.