தில்லைநாயகி சொல்லாதது

குடல் அறுவை சிகிச்சைக்குப் பின், மலம் சேரும் பையை வயிற்றில் ஒட்டிக்கொண்டு வாழும் தில்லைநாயகி, தன் கதையை ஒருமுறை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து, கணினியில் உருவாக்கிய அவளுடைய உருவம் திரையில் தோன்றிப் புதிய நோயாளிகளுக்குத் தைரியம் சொல்லிவந்தது.

பரிசோதனைக்கு வந்தவளை வார்டில் ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, நான் ரெஜினா. பையை உங்க வீட்டுக்காரர்தான் மாத்திவிடுறாருன்னு திரையில சொன்னீங்களே, அதைக் கேட்டுத்தான் ஆபரேஷனுக்குச் சம்மதிச்சேன்."

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதமே கணவன் விட்டுப்போனதைத்தான் தில்லைநாயகி அன்று அழுதபடி சொல்லியிருந்தாள். நோயாளிகள் பயப்படுவார்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

"உன் வீட்டுக்காரர் எங்கம்மா?"

"பையைப் பார்த்துட்டுப் போனவரு, நாலு நாளாச்சு. வந்துருவாருல்லக்கா?"

திரையில் வரும் அந்த உருவமாக இருந்தால், வருவார் என்று சொல்லியிருக்கும். தில்லைநாயகி கட்டிலைச் சுற்றி மறைப்புத் துணியை இழுத்துவிட்டுக் கைகளைக் கழுவினாள்.

"எந்திரிச்சு உக்காரு. பையை நீயே மாத்தக் கத்துக்கோ."