ஒரு சைஸ் பெரிய பட்டை

சிப்பாய் என்ற நாய்க்கு வயது ஏழு. அதை வாக்கிங் கூட்டிப்போக நெஞ்சுப்பட்டை வாங்க வந்த கோமதி, "ஒரு சைஸ் பெருசாவே குடுங்க, வளர்ற பிள்ளை" என்றாள் கடைக்காரரிடம்.

மாட்டிப் பார்த்தபோது பட்டை சிப்பாயின் காதில் முணுமுணுத்தது. "தம்பி, ரெண்டு விரல் நுழையற இடைவெளி போதும். எனக்குள்ள நீ குடித்தனமே பண்ணலாம். குரைச்சுக் காட்டு, மாத்திக் குடுப்பாங்க."

"சும்மா இருண்ணே. எனக்கு இதான் வசதி" என்றது சிப்பாய்.

என்ன வசதி என்பது மறுநாளே தெரிந்தது. தெருமுனையில் கோமதி போனில் அக்காவோடு பேச நின்றதும், சிப்பாய் பட்டையிலிருந்து நழுவிக் கறிக்கடைக்கு ஓடியது. கொழுப்பும் தோலும் வயிறு முட்டத் தின்றது. அவள் பேசி முடிப்பதற்குள் திரும்பி வந்து, தலையையும் காலையும் சமர்த்தாக நுழைத்துக்கொண்டது. தினமும் இதே கதைதான்.

மூன்றாம் மாதம் ஒருநாள் சிப்பாய் பின்வாங்கிப் பார்த்தது, குனிந்து பார்த்தது, வயிற்றை எக்கியும் பார்த்தது. பட்டை அசையவில்லை.

"மன்னிச்சுக்க தம்பி" என்றது பட்டை. "இப்ப ரெண்டு விரல்தான் நுழையும்."

கோமதி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பட்டை இப்ப கச்சிதமா இருக்குக்கா. அன்னைக்கே கடையில சொன்னேன், வளர்ற பிள்ளைன்னு."