எட்டு சாரின் மாப்பிள்ளை

சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

வாடகைக் கார் கம்பெனியின் வாசலில் நாங்கள் நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தது. என் கணவர் ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் எங்கள் ஐந்து வயது மகள், ஏரிக்கு எப்போது போவோம் என்று ஏழாவது முறையாகக் கேட்டாள்.

சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. கம்பெனிப் பெண் அதை நீட்டியபோது முந்திக்கொண்டு வாங்கியவர் அவர்தான்.

விடுமுறைக்கு வந்த நாடு. இங்கே வண்டிகள் சாலையின் வலதுபக்கம் ஓடுகின்றன. ஏரியோ மலைமேல், மூன்று மணி நேரத் தொலைவு. 'எங்கப்பா மலைக்கு கார் ஓட்டப் போறார்' என்று மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அப்பா ஓய்வுபெற்ற வாகன ஆய்வாளர். முப்பது வருஷம், லைசென்ஸ் கேட்டு வந்தவர்களை மைதானத்தில் எட்டு போடச் சொல்லிப் பார்த்தவர். சக்கரம் கோட்டைத் தொட்டால் போச்சு. யார் சிபாரிசும் எடுபடாது. ஊரில் அவருக்குப் பெயரே 'எட்டு சார்'தான்.

பெற்ற மகளையே இரண்டு தடவை ஃபெயிலாக்கியவர். அப்போது ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. பிறகு அதையே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அதனால் இது பழைய உத்தியோகப் புத்தி என்றுதான் முதலில் நினைத்தேன்.

சாலை ஈரமாக இருக்கிறது என்றார் அப்பா. சாயங்காலம் வரை மழை இல்லை என்று கணவர் போனைக் காட்டினார். விமானக் களைப்பு போகவில்லை என்றார். வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்றார் கணவர். ரயிலில் போகலாமே என்றார். ஏரிக்கு ரயில் கிடையாது.

பேப்பரெல்லாம் எங்கே என்று கேட்டார். கணவர் ஒரு ஃபைலையே எடுத்து நீட்டினார். இன்ஷூரன்ஸ், வாடகை ஒப்பந்தம், வெளிநாட்டில் ஓட்டுவதற்கான இன்டர்நேஷனல் பெர்மிட், ஒரிஜினல் லைசென்ஸ். அப்பா ஒவ்வொன்றாகப் படித்தார். லைசென்ஸை மட்டும் உறையிலிருந்து எடுக்கவேயில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். சாவியைக் கொடுக்கவில்லை.

'வாங்க மாப்பிள்ளை', 'சரிங்க மாமா' என்பதைத் தாண்டி இந்த ஏழு வருஷத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது குறைவு. அன்று கணவரின் முகம் இறுகிக் கிடந்தது. கார் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மாமா, பேப்பர்ல ஒரு குறை சொல்லுங்க. இறங்கிடறேன்."

கம்பெனிப் பெண் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் மொழி புரியாது. பிடிவாதம் புரிந்திருக்கும். தள்ளியே நின்றுகொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகும் ஆபீஸை இங்கே தூக்கிக்கொண்டு வர வேண்டுமா, குழந்தை முன்னால் அவரை இப்படி அவமானப்படுத்தலாமா என்று கேட்டுவிட்டேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பின்சீட்டைப் பார்த்தார். பிறகு, கணவர் காதிலும் விழும்படியாகவே சொன்னார்.

"பேப்பர்ல குறை இல்லம்மா. அந்த லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டதே நான்தான். உன் நிச்சயதார்த்தம் முடிஞ்ச வாரம் மாப்பிள்ளை வீட்ல கேட்டாங்க. டெஸ்ட் வைக்காமலே போட்டுக் கொடுத்தேன். அன்னிக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரல. இன்னிக்குச் சொல்றேன்."



நான் இரண்டாவது தடவை ஃபெயிலானதும் அதே மாதம்தான்.

கணவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஊரில் அவருக்கு ஆபீஸ் கார், அதற்கொரு டிரைவர். வீட்டு வண்டியை எப்போதும் நான்தான் ஓட்டுவேன். 'நீ ஓட்டினா நிம்மதியா இருக்கு' என்பார். ஏழு வருஷமாக அதைப் பாராட்டு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

முப்பது வருஷப் பெயரை, அதுவும் என் எதிரில், ஒரே மூச்சில் கீழே போட்டுவிட்டு அப்பா நின்றார். சட்டைப்பையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அப்பாவிடம் கையை நீட்டினேன்.

உடனே சாவியைக் கொடுத்தார். கூடவே தன் தோள்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். என் பெயரில் ஒரு இன்டர்நேஷனல் பெர்மிட். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு ஏதோ ஒரு விண்ணப்பத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். எதற்கென்று நான் கேட்டிருக்கவில்லை.

உள்ளே போய், கைப்பையில் எப்போதும் இருக்கும் என் லைசென்ஸையும் காட்டி, இரண்டாவது ஓட்டுநராக என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் முடிந்தது.

நான் திரும்பி வரும்வரை கணவர் இருக்கையைவிட்டு அசையவில்லை. கதவைத் திறந்தேன். பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். என் முகத்தைப் பார்க்காமல் சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அப்பா பின்னால் ஏறி, பேத்தியின் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

இருக்கையை முன்னால் நகர்த்தினேன். கண்ணாடிகளைத் திருப்பி வைத்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்தேன்.

வெளியே, மூச்சு விட்டால் புகையாக வரும் குளிர்.

ஸ்டியரிங் முழுக்கக் கணவரின் கை வியர்வையில் நனைந்திருந்தது.

அப்பா பார்க்காதபடி அதைச் சால்வையால் துடைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.