அலறாத அம்பாசடர்

அரியலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அய்யம்பெருமாள், டாக்ஸிக்காரர் தங்கராசுவின் அம்பாசடருக்கு ஆயில் மாற்றிக் கொடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தங்கராசுவின் மனைவி சம்பூர்ணம் புயல் மாதிரி வந்து நின்றாள்.

"அண்ணே, வண்டியில என்னத்த ஊத்துனீங்க?"

அய்யம்பெருமாளுக்குப் பகீரென்றது. முப்பது வருஷமாகச் சம்பாதித்த பேராயிற்றே!

"கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில், பின்சக்கரத்தைச் சுத்துற டிபரன்ஷியலுக்குக் கெட்டியான தொண்ணூறாம் நம்பர் ஆயில். உன் வூட்டுக்காரரு ரெண்டுக்கும் ஒரே எஞ்சின் ஆயிலை ஊத்தி வச்சிருந்தாரு. அதான் வண்டி அப்படி அலறுச்சு."

சாதாரண அலறலா அது! அரியலூரில் வண்டி கிளம்பினால் திருமானூரில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

"இப்பவும் கத்துதா தங்கச்சி?"

"எங்க கத்துது? பூனையாட்டம் வந்து வாசல்ல நிக்குது. அந்தக் கெட்டி ஆயிலை எடுத்துட்டுப் பழைய ஆயிலையே ஊத்துங்கண்ணே."

"ஐயையோ, உள்ள இருக்குற பல்சக்கரமெல்லாம் தேஞ்சு போயிரும்! எதுக்கு?"

"நேத்து பக்கத்து வூட்டு அம்மாக்கண்ணுகிட்ட இவரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். வண்டியில சத்தமில்லாம வந்து எல்லாத்தையும் கேட்டுட்டாரு."

"அடக் கடவுளே! ரொம்பத் திட்டிட்டியா?"

சம்பூர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"திட்டுனா அவருக்குப் பழக்கந்தானே! இப்படி ஒரு தங்கமான மனுசன் ஏழு ஜில்லாவுல தேடுனாலும் கெடைக்க மாட்டாருன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நேத்துலேர்ந்து நான் எவ்வளவு கத்துனாலும் பயப்பட மாட்டேங்குறாருண்ணே, சிரிக்கிறாரு!"