இடுப்புக் குடம்

"ஆம்பள ஒடம்ப வெச்சிக்கிட்டு பொம்பளைங்க ஓட்டத்துல வந்து ஓடுனா நாங்கல்லாம் எப்பிடி சார் ஜெயிக்கறது? நாயத்த நீங்களே சொல்லுங்க!"

திரௌபதி போட்ட சத்தத்தில் சக்கரபாணியின் கையிலிருந்த மைக்கே கீச்சென்று கத்தியது.

காணும் பொங்கல். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி தன் ஆட்களுக்காக நடத்தும் விளையாட்டு விழா. சக்கரபாணி கம்பெனி மேஸ்திரி. இன்றைக்கு மட்டும் நடுவர்.

பெண்களுக்கான தண்ணீர்க் குடம் தூக்கி ஓடும் போட்டியில் திரௌபதியை அடித்துக்கொள்ள இதுவரை ஆள் கிடையாது. அவள் வீட்டுப் பரண் பூரா பரிசு வாங்கிய எவர்சில்வர் அண்டாதான். இந்த வருஷ அண்டாவுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஆபத்தின் பெயர் பூங்கோதை.

பூங்கோதை ஒரு அரவாணி. அச்சில் வார்த்த பொம்மைகளைப் பலகையோடு சூளைக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலை. ரெண்டு பேர் தூக்கும் பலகையை ஒண்டியாய்த் தோளில் ஏற்றிக்கொண்டு பாட்டு வேறு பாடிக்கொண்டு போவாள். தினமும் அதைப் பார்க்கிற திரௌபதி அண்டாவை நினைத்துக் கவலைப்படாமல் இருப்பாளா பின்னே?

"அதான் கவருமெண்டே அவங்களுக்கு நல வாரியம் வெச்சிருக்குதே," என்று இழுத்தாள் பேக்கிங் செக்‌ஷன் முத்தாயி.

"வாரியம் வெச்சா வெக்கட்டும். அண்டாவுக்கும் வாரியத்துக்கும் என்னாடி சம்பந்தம்?"

பூங்கோதை முன்னால் வந்தாள். "அப்ப ஆம்பளைங்க ஓட்டத்துல என்னைச் சேத்துக்குவீங்களா சார்?"

"பொடவையக் கட்டிக்கிட்டா? அது எப்பிடிம்மா?" சக்கரபாணி தலையைச் சொறிந்தார்.

"அப்ப நான் எதுலதான் ஓடறது? மாட்டு வண்டிப் பந்தயத்துலயா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூங்கோதையும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு அண்டால்லாம் வேணாம் சார். பொம்பளைங்க பேரோட பேரா என் பேரையும் மைக்குல ஒரு தடவ கூப்புடுங்க. அது போதும். நீயாச்சும் சொல்லேன் அத்த!"

கடைசி வார்த்தை திரௌபதியைப் பார்த்து.

"யாருக்குடி யாரு அத்த? எனக்கு என்னா வயசாவுதுன்னு அத்தங்கற?"

"வயசு கெடக்கட்டும், மொறைய பாரு. அரவான் யாரு? அர்ஜுனன் புள்ள. நான் கூவாகத்துல அரவானுக்குத் தாலி கட்டிக்கிட்டவ. நீ திரௌபதி. அப்ப எனக்கு நீ மாமியாரு இல்லாம வேற யாரு?"

"அரவான் நாககன்னி பெத்த புள்ளடி!"

"யாரு பெத்தா என்னா? மூத்தாளுக்கும் அவன் புள்ளதான அத்த?"

திரௌபதி விரல் விட்டு முறையை எண்ணிப் பார்த்தாள். திரௌபதியம்மன் கோயில் தெருவில் பிறந்து, வருஷா வருஷம் பாரதம் கேட்டு வளர்ந்தவள். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் முறை சரியாகத்தான் வந்தது.

"மருமவளா இருந்தாலும் அண்டாவ வுட மாட்டேன்," என்றாள் கடைசியில். "ஓடட்டும் சார். ஆனா நான் தோத்தா மறுபடியும் சண்டதான். இப்பவே சொல்லிட்டேன்!"

சக்கரபாணி மைக்கைத் தட்டினார். "பெண்கள் குடம் தூக்கி ஓடும் போட்டி! முத்தாயி, கயல்விழி, திரௌபதி, பூங்கோதை! குடம் இடுப்புலதான் இருக்கணும். தோள்ல ஏத்துனா அவுட்டு!"

தன் பெயரைக் கேட்டதும் பூங்கோதை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். விசில் ஊதினது கூட அவள் காதில் விழவில்லை. முத்தாயி முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் நகர்ந்தாள்.

திரௌபதி திரும்பியே பார்க்காமல் ஓடினாள். ஒரு சொட்டு சிந்தாமல் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், பூங்கோதை பாதி வழியில் நின்றுகொண்டிருந்தாள்.

தோளில் மலையையே வைத்தாலும் தூக்குவாள். ஆனால் இடுப்பில் குடம் வைக்க அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஆம்பளைப் பிள்ளையாய் வளர்த்த வீட்டில் அவளை எந்தக் குழாயடிக்கு அனுப்பினார்கள்? குடம் வழுக்கியது. பிடித்தாள். மறுபடி வழுக்கியது. நனைந்த புடவை காலைச் சுற்றியது. கடைசியில் குடத்தைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெப்பலாய் நனைந்து, கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள்.

"இடுப்புல நிக்கவே மாட்டேங்குது அத்த!"

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. முத்தாயி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "அடிப் பாவமே, இதுக்கா இந்தப் பயம் பயந்தோம்? நீயும் எங்கள மாதிரி பொம்பளதாண்டி!"

சக்கரபாணி மைக்கில் முழங்கினார். "பூங்கோதை அடுத்த வருஷமும் கட்டாயம் கலந்துக்கணும். இதுல யாருக்கும் ஒரு ஆட்சேபணையும் கெடையாது!"

எல்லோரும் கை தட்டினார்கள். புது அண்டாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்த திரௌபதி மட்டும் தட்டவில்லை.

"அப்ப, அவ ஜெயிச்சிருந்தா?"

கைதட்டல் நின்றுபோனது. முத்தாயி குனிந்து தன் குடத்தை எடுத்துக்கொண்டாள். சற்று முன்னால் தானே கத்தியது நினைவுக்கு வந்து திரௌபதிக்கும் சுருக்கென்றது.

அண்டாவைக் கீழே வைத்தாள். ஒரு குடத்தில் தண்ணீரை மொண்டுகொண்டு நேராகப் பூங்கோதையிடம் போனாள்.

"இடுப்ப இப்பிடி ஒடிச்சி நில்லுடி. கொடத்துக் கழுத்த கையால வளைச்சிப் புடி. இன்னும் கொஞ்சம் சாய். ம், இப்ப நட. இப்பிடியா தோப்ப? எனக்குல்ல மானம் போவுது!"

சக்கரபாணிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, நீயே கத்துக்குடுத்து, அடுத்த வருஷம் அவ ஜெயிச்சிட்டான்னா?"

"ஜெயிச்சா சண்ட போடுவேன் சார்," என்றாள் திரௌபதி. "மாமியா மருமவ சண்ட இல்லாத வூடு எங்க இருக்குது?"